சொல் பழசு, பொருள் புதுசு

மரக்காணம். திங்கட்கிழமை, காலை பத்தே முக்கால்.

“கையெழுத்து என்னுதுதான். ஆனா இந்த லெட்டரை நான் எழுதல!”

பூவிழி போட்ட சத்தத்தில் தெருவில் மீன் விற்றுக்கொண்டிருந்தவர் சைக்கிளை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். முப்பத்தாறு வயது. திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியை. வகுப்பில் அவள் குரலே வெளியில் கேட்காதாம். இன்று அவள் வீட்டுத் தகரக் கூரை அதிர்ந்தது.

எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அந்த ஜெராக்ஸ் தாளைப் படித்துக்கொண்டிருந்தவள் துப்பறியும் நிபுணர் ஆரோக்கியசெல்வி. ஐம்பத்து மூன்று வயது. பத்தொன்பது வருடம் சென்னையில் ஒரு வெளிநாட்டு ஆங்கில அகராதிக்காக வேலை பார்த்தவள். அந்த அலுவலகத்தை மூடிய பிறகு குயிலாப்பாளையத்தில் ஒரு பேக்கரி மாடியில் துப்பறியும் நிலையம் திறந்தாள். போலிப் பத்திரம், போலிக் கடிதம் என்றால் அந்த வட்டாரத்து வக்கீல்கள் அவளுக்குத்தான் போன் போடுவார்கள்.

அவளுடைய உதவியாளன் வாசற்படியில் நின்று முறுக்குத் தின்றுகொண்டிருந்தான். பெயர் பாவாடை. முன்னாள் கூரியர் ஊழியன்.

“கையெழுத்து எப்படி அவங்க கைக்குப் போச்சு?” என்று கேட்டாள் செல்வி.

“அப்பா செத்த அன்னைக்கு. ஆம்புலன்ஸுக்கு ஒண்ணு, ஆஸ்பத்திரிக்கு ஒண்ணுன்னு சொல்லி ரெண்டு வெள்ளைத் தாள்ல வாங்கினாரு உப்பள மொதலாளி தட்சணாமூர்த்தி. எனக்கு அப்போ இருபத்திரண்டு வயசு. அப்பா தரையில கிடக்கறாரு. அந்த நேரத்துல தாளை எவ பார்த்தா மேடம்?”

விஷயம் இதுதான். 2011 மே மாதம், மதியம் ஒரு மணி வெயிலில், தட்சணாமூர்த்தியின் உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த கொளஞ்சி சுருண்டு விழுந்தார். குடிதண்ணீர் டிரம் ஆபீஸ் அறைக்குள் பூட்டிக் கிடந்தது. பக்கத்தில் நின்ற டெம்போவில் உப்பு ஏற்றியிருந்தது. அதை இறக்கிவிட்டு ஆளை ஏற்ற முதலாளி சம்மதிக்கவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் கொளஞ்சி வரப்பிலேயே செத்துப்போனார். மகள் பூவிழி நேரத்தையும், சட்டப் பிரிவையும், மூன்று சாட்சிகளின் பெயரையும் எழுதி மனு கொடுத்தாள். சாட்சிகளில் ஒருவர் ஊரை விட்டுப் போனார். இன்னொருவர் இறந்துபோனார். மூன்றாவது அமராவதி, வேலை போய்விடும் என்று வாயைத் திறக்கவில்லை. மனு மூடப்பட்டது.

இந்த வருடம் மே மாதம் அதே உப்பளத்தில், அதே மாதிரி வெயிலில், அஞ்சம்மாள் என்ற பெண் செத்தாள். பழைய மனுவும் புது மரணமும் சேர்ந்து இன்று மூன்று மணிக்குத் திண்டிவனத்தில் விசாரணைக்கு வருகின்றன. போன வாரம்தான் தட்சணாமூர்த்தி இந்தக் கடிதத்தைத் தாக்கல் செய்திருந்தார். தேதி 18 ஆகஸ்ட் 2011. கீழே பூவிழியின் கையெழுத்து.

“இது நின்னுச்சுன்னா நான் பொய் மனு குடுத்தவ. அஞ்சம்மா அக்கா கேஸும் அதோட போச்சு,” என்றாள் பூவிழி. “அதைக் கூட விடுங்க. இவ்வளவு மட்டமான இங்கிலீஷ்லயா நான் எழுதுவேன்?”

செல்வி ஆங்கிலக் கடிதத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே படித்தாள். “‘என் மனுவில் உள்ள மூன்று சாட்சிகளின் பெயர்கள், சம்பவ நேரம், சட்டப் பிரிவு எண் ஆகியவற்றை நான் ஹாலூசினேட் செய்துவிட்டேன். சில வெளி இன்ஃப்ளுயன்சர்களின் தூண்டுதலால் இப்படிச் செய்தேன். மனுவைத் திரும்பப் பெறுகிறேன்.’”

பாவாடை முறுக்கைக் கீழே போட்டான். “மேடம், மாட்டிக்கிட்டான்! இன்ஃப்ளுயன்சர்! அது இன்ஸ்டாகிராம் வார்த்தை. ரெண்டாயிரத்து பதினொண்ணுல மரக்காணத்துல ஏது இன்ஃப்ளுயன்சர்?”

“உட்காரு. அந்தச் சொல்லுக்கு முந்நூத்தி அம்பது வருஷத்துக்கு மேல வயசு. அடுத்தவங்க மனசை மாத்தறவன்னு அர்த்தம். எந்த வக்கீலும் ரெண்டு நிமிஷத்துல உன்னைக் கிழிச்சுப் போட்டுடுவான்.”

பாவாடை அடங்கினான். செல்வி தாளை மடித்துக் கைப்பையில் வைத்தாள். அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கோபம் வந்தால் அவள் குரலை உயர்த்த மாட்டாள். குரல் இறங்கும். அருகில் போய்க் கேட்க வேண்டியிருக்கும்.

“பாவாடை, வண்டியை எடு. பூவிழி, நீங்களும் வாங்க.”

“எங்கே மேடம்?”

“அந்தாளோட ஆபீசுக்கு. ஒரு வார்த்தையோட வயசைக் கேட்கணும்.”

ஆம்னி வேன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறியது. இரண்டு பக்கமும் உப்பளம். குவித்து வைத்த உப்பின் மேல் வெயில் பட்டுக் கண் கூசியது. பாவாடை ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு ஓட்டினான்.

“மேடம், தெரியாமத்தான் கேக்கறேன். ஒரு வார்த்தைக்கு வயசு போடறது யாரு? பிறப்புச் சான்றிதழ் குடுக்கறாங்களா?”

“கிட்டத்தட்ட. பத்தொன்பது வருஷம் நான் செஞ்ச வேலை அதான். தினம் பேப்பர், புத்தகம், கோர்ட் தீர்ப்பு, சினிமா விளம்பரம், அப்புறம் இன்டர்நெட். ஒரு சொல்லு புதுசா இருந்தா அந்த வாக்கியத்தை அப்படியே எடுத்து, தேதி போட்டு, எங்கே வந்துச்சுன்னு எழுதி வைப்போம். ஒருத்தன் ஒரு தடவை சொன்னா போதாது. பல பேர், பல இடத்துல, சில காலம் தொடர்ந்து சொல்லணும். அப்புறம்தான் அகராதியில சேர்க்கறதைப் பத்தி யோசிப்பாங்க.”

“ரேஷன் கார்டுல பேர் சேர்க்கறதை விடக் கஷ்டம் போல.”

“சொல்லைச் சேர்க்கறது சுலபம்டா. இருக்கற சொல்லு பொருள் மாறுது பாரு, அதைப் பிடிக்கறதுதான் கஷ்டம். ஆள் அதே ஆள். சட்டை அதே சட்டை. உள்ளே மனசு மாறியிருக்கும்.”

“எனக்குத் தெரியாதா மேடம்? எங்க ஊர்ல பாவாடைன்னா சாமி பேரு. மெட்ராஸ்ல கூரியர் டெலிவரிக்குப் போயி பேரைச் சொன்னா, ‘லேடீஸ் செக்‌ஷன் மாடியில’ன்றான்.”

பின் சீட்டில் பூவிழி சிரிக்கவில்லை. ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். “அதோ, அந்த வரப்புதான்,” என்றாள். அவள் அப்பா விழுந்த இடம். பாவாடை வேகத்தைக் குறைத்தான்.

சிறிது தூரம் போனதும் செல்வி சொன்னாள். “ஹாலூசினேட். அதான் என் கண்ணுல குத்துது.”

“அது ஸ்கூல் டிக்‌ஷனரியிலயே இருக்குமே மேடம்,” என்றாள் பூவிழி.

“இருக்கும். பழைய சொல்லு. காய்ச்சல்லயோ மருந்து மயக்கத்துலயோ இல்லாத உருவத்தைப் பார்க்கறது, இல்லாத குரலைக் கேட்கறது. ஆனா இந்த லெட்டர்ல அது எது கூட நிக்குதுன்னு பாருங்க. பேரு, நேரம், பிரிவு எண். காய்ச்சல்ல யாராவது சட்டப் பிரிவு எண்ணைப் பார்ப்பாங்களா?”

பூவிழி மெல்ல நிமிர்ந்தாள். “இது... ஏஐ பத்திச் சொல்றது. கம்ப்யூட்டர் தப்பான தகவலை நிஜம் மாதிரி அடிச்சு விட்டா அப்படிச் சொல்றாங்க.”

“ஆமா. கம்ப்யூட்டர் ஆராய்ச்சிக்காரங்க முன்னாடியே தங்களுக்குள்ள சொல்லிக்கிட்டிருந்தாங்க. ஜனங்க வாய்க்கு வந்தது ரெண்டாயிரத்து இருபத்திரண்டு, இருபத்து மூணுலதான். இருபத்து மூணுல ஒரு பெரிய அகராதி அந்த வருஷத்தோட சொல்லுன்னே இதை அறிவிச்சுது. புதுச் சொல்லுக்காக இல்ல, புதுப் பொருளுக்காக. மரக்காணத்துல ஒரு பொண்ணு அதைப் பன்னிரண்டு வருஷம் முன்னாடியே எழுதிட்டாளாம்!”

“அப்போ கேஸ் முடிஞ்சுது!” என்றான் பாவாடை.

“முடியல. ‘அப்பன் செத்த துக்கத்துல புத்தி கலங்கியிருந்தா, அதைத்தான் எழுதினா’ன்னு அவங்க வக்கீல் சொல்லுவான். எனக்கு எழுதின ஆள் வேணும்.”

உப்பள வாசலில் பூவிழிக்கு அனுமதி இல்லை என்று காவலாளி கையை நீட்டினான். அவள் வேனிலேயே இருந்தாள்.

ஆபீஸ் கட்டடத்துக்கு வெளியே புது நீல டிரம் ஒன்று நின்றது. ‘குடிநீர்’ என்று அதில் எழுதியிருந்த பெயின்ட் இன்னும் நாறியது. செல்வி அதைப் பார்த்தாள். குழாயைத் திருகினாள். தண்ணீர் வந்தது. இரண்டு சாவுக்குப் பிறகு வந்திருக்கிறது.

உள்ளே தட்சணாமூர்த்தி எழுந்து நின்று கும்பிட்டார். அறுபது வயது, வெள்ளைச் சட்டை, விபூதி. “வாங்கம்மா. மோர் சாப்பிடறீங்களா?”

“வேண்டாங்க. ரெண்டு கேள்வி. லெட்டர் எங்கே டைப் ஆச்சு?”

“இதே ரூம்ல. அந்தப் பொண்ணே வந்துச்சு, அழுதுச்சு, நம்ம கம்ப்யூட்டர்ல அதுவே டைப் அடிச்சு, கையெழுத்துப் போட்டுக் குடுத்துச்சு. நான் வேண்டாம்மான்னு கூடச் சொன்னேன்.”

“நீங்க ஒரு வார்த்தையும் சொல்லித் தரலியே?”

“எனக்கு ஏதும்மா இங்கிலீஷு? நான் எட்டாவது. அந்த லெட்டரைப் படிச்சதே கிடையாது. ஃபைல்ல போட்டேன், பதினாலு வருஷம் கிடந்துச்சு. இப்போ தேடினப்ப கிடைச்சுது. அப்படியே வக்கீல் கையில குடுத்துட்டேன்.”

“படிக்கவே இல்ல?”

“அந்தோணியார் கோயில்ல வேணா சத்தியம் பண்றேன். உங்களுக்கு அதான நம்பிக்கை?”

செல்வியின் குரல் இன்னும் ஒரு படி இறங்கியது. “சாமியை விடுங்க. சொன்னது போதும்.”

மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் ஆபீஸ் மேனேஜர் மேத்யூ உட்கார்ந்திருந்தான். நாற்பது வயது, தலையில் பாதி வழுக்கை, பயந்த சுபாவம். பாவாடை அவன் பக்கத்தில் போய் மேஜையில் சாய்ந்துகொண்டான்.

“ஏம்பா, எனக்கு ஒரு இங்கிலீஷ் லெட்டர் அடிச்சுக் குடேன். பேரை மாத்தணும். கெஜட்டுக்கு.”

“எதுக்குங்க நானு? ஏஐல போடுங்க, ரெண்டு நிமிஷத்துல வந்துடும்,” என்றான் மேத்யூ. பேச்சு தன் வேலையைப் பற்றி வந்ததும் அவன் பயம் கொஞ்சம் போயிற்று. “ஆனா நம்பரு, தேதி எல்லாம் செக் பண்ணிக்குங்க. அது பாட்டுக்கு ஹாலூசினேட் பண்ணிடும். போன மாசம் ஒரு நோட்டீசுக்குப் பதில் போட்டேன். இல்லாத செக்‌ஷன் நம்பர் ரெண்டை ஹாலூசினேட் பண்ணி வெச்சிருக்குது!”

பாவாடை செல்வியைத் திரும்பிப் பார்த்தான்.

“மேத்யூ, ‘ஹாலூசினேட்’னா என்ன?” என்று கேட்டாள் செல்வி.

“இல்லாததை இருக்கற மாதிரி தைரியமா அடிச்சு விடறது மேடம்.”

“இந்த அர்த்தத்துல எப்போலேர்ந்து சொல்றீங்க?”

“இந்த ஏஐ வந்ததுலேர்ந்துதான். ரெண்டு, மூணு வருஷமா...”

அவன் பாதியில் நிறுத்தினான். செல்வி ஜெராக்ஸ் தாளை மேஜையில் விரித்து, அந்த வரியின் கீழே விரலை வைத்திருந்தாள். மேத்யூவின் வழுக்கை மண்டையில் வியர்வை அரும்பியது.

தட்சணாமூர்த்தி சிரித்தார். “அட, இதான் உங்க துப்பாம்மா? அந்த வார்த்தை அப்பவே இருக்குதும்மா!” எழுந்து அலமாரியிலிருந்து தடித்த ஆங்கில அகராதி ஒன்றை எடுத்தார். “இது ரெண்டாயிரத்து நாலுல அடிச்ச புக்கு. பாருங்க. இருக்கா, இல்லியா?”

பிரித்துக் காட்டினார். எட்டாவது படித்தவர், கடிதத்தைப் படிக்கவே இல்லை என்றவர், எச்சில் தொட்டு இரண்டே புரட்டில் அந்தப் பக்கத்துக்கு வந்துவிட்டார்.

அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி.

“குடுங்க,” என்று செல்வி புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். “இருக்குது. நான் இல்லன்னு சொல்லலியே. ஆனா என்ன போட்டிருக்குதுன்னு படிச்சீங்களா? இல்லாத உருவத்தைப் பார்ப்பது. இல்லாத குரலைக் கேட்பது.”

“அதேதான்! துக்கத்துல அந்தப் பொண்ணுக்கு...”

“துக்கத்துல அப்பா உருவம் தெரியும். பிரிவு எண்ணா தெரியும்?”

“செக்‌ஷன் முந்நூத்தி நாலு வெள்ளைப் புடவை கட்டிக்கிட்டு வந்து நின்னுச்சாம்,” என்றான் பாவாடை.

செல்வி பக்கங்களைப் புரட்டினாள். ‘இன்ஃப்ளுயன்சர்’. புள்ளி. ‘ரிட்ராக்ட்’, அதாவது திரும்பப் பெறுவது. புள்ளி. கடிதத்தில் இருந்த கடினமான சொற்கள் ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதே பென்சில் புள்ளி. மொத்தம் ஒன்பது. 

“லெட்டர் ரெண்டாயிரத்து பதினொண்ணுல வந்துச்சுன்னா, அதுல இருக்கற சொல்லு பழைய புத்தகத்துல இருக்கான்னு எவன் பார்ப்பான்?” என்று கேட்டாள். “புதுச் சொல்லு எதுவும் உள்ளே நுழைஞ்சுடக் கூடாதுன்னு பயந்தவன்தான் பார்ப்பான். ஒவ்வொரு சொல்லையும் பார்த்திருக்கீங்க. பொருளைப் படிக்கல. சொல்லு இருந்தா போதும்னு நினைச்சுட்டீங்க.”

“அது என் புக்கு. பழைய புக்கு. எவனோ எப்பவோ வெச்ச புள்ளி.”

செல்வி கடைசி அட்டையைத் திருப்பினாள். பங்குக் கோயில் வாசகசாலையின் முத்திரை. அதன் கீழே ஒட்டிய சீட்டில் புத்தகம் எடுத்துப் போன தேதிகள். கடைசிக்கு முந்தின தேதி 2013. கடைசி தேதி 4 ஜூன் 2025. பெயர், மேத்யூ. விசாரணை நோட்டீஸ் வந்தது ஜூன் இரண்டு. கடிதம் தாக்கலானது ஜூன் ஒன்பது.

“மொதலாளி...” என்று மேத்யூ எழுந்தான்.

தட்சணாமூர்த்தி அவனைத் தள்ளிவிட்டுப் பாய்ந்தார். அந்த வயதுக்கு அவ்வளவு வேகத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. புத்தகத்தைப் பிடுங்கி ஜன்னல் வழியே வீசினார். அது விரிந்தபடியே பறந்து போய்ப் பாத்தித் தண்ணீரில் தொப்பென்று விழுந்தது.

“இப்போ காட்டுங்கம்மா உங்க புள்ளியை!”

பாவாடை செருப்போடு வரப்பில் ஓடினான். நாலாவது அடியில் வழுக்கி முழங்கால் வரை உப்புச் சேற்றில் இறங்கினான். அவன் காலை இழுத்து எடுப்பதற்குள் உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு பெண் பலகையைப் போட்டுவிட்டுப் புத்தகத்தை எடுத்துவிட்டாள். புடவை மேல் ஆண் சட்டை, தலையில் துண்டு. ஐம்பத்தைந்து வயது இருக்கும்.

“ஏய் அமராவதி! அதை இங்கே கொண்டா!” என்று ஜன்னலிலிருந்து முதலாளி கத்தினார்.

அவள் நகரவில்லை. செல்வி வரப்பில் நடந்து அவளிடம் வந்தாள்.

“நீங்கதான் அமராவதியா? கொளஞ்சி விழுந்தப்ப பக்கத்துல இருந்தவங்க?”

அமராவதி முதலாளியைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். “எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. இது என்ன புக்கு? இதுக்கு ஏன் இந்தக் குதி குதிக்கறாரு?”

“பூவிழி எழுதின மாதிரி ஒரு பொய் லெட்டர் தயார் பண்ணியிருக்காங்க. அதுக்கு உதவின புத்தகம் இது. கொளஞ்சி சாவறப்ப பக்கத்துல சாட்சியே இல்ல, அமராவதின்ற பேரைப் பூவிழி தன் புத்தியில இட்டுக்கட்டி எழுதினான்னு அதுல இருக்குது.”

“இட்டுக்கட்டியா?”

“ஆமா. அன்னைக்கு நீங்க அங்கே இல்லவே இல்லன்னு.”

அமராவதியின் முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. அவள் தலைத் துண்டை அவிழ்த்தாள். முகத்தைத் துடைத்தாள்.

“நான் பேசல. வாஸ்தவம். புள்ளைங்க ரெண்டு படிச்சுக்கிட்டிருந்துச்சு, நான் பேசல. அதுக்காக நான் இல்லவே இல்லன்னுடுவானா?” குரல் ஏறிக்கொண்டே போனது. மற்றப் பெண்களும் பலகையை நிறுத்தினார்கள். “அந்தாளு தலையை இந்தக் கையாலதான் மடியில வெச்சிருந்தேன். தண்ணி தண்ணின்னு சொன்னான். இவன் கதவுகிட்ட நின்னு பார்த்துக்கிட்டு இருந்தான். நான் இல்லியா? முப்பது வருஷமா இவன் உப்பை வாரி வாரிக் கால் வெந்து கிடக்குது, நான் இல்லியா?”

“அமராவதி, வேலையை விட்டு நின்னுடுவே!” என்றார் தட்சணாமூர்த்தி.

“நின்னுட்டேன்டா!” என்றாள் அவள்.

வாசலில் வேன் கதவைத் திறந்தபோது பூவிழி அவளைப் பார்த்தாள். பதினாலு வருடமாக ஒரே ஊர், ஒரே பஸ், ஒரே ரேஷன் கடை. ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

“தள்ளி உட்காரு பாப்பா,” என்றாள் அமராவதி. பூவிழி தள்ளி உட்கார்ந்தாள். வேன் திண்டிவனம் பக்கம் திரும்பியது. பெருமுக்கல் தாண்டியதும் பூவிழி தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். அமராவதி வாங்கிக் குடித்தாள்.

“மேடம், புக்கு ஊறிப்போச்சே, புள்ளி அழிஞ்சிருக்குமா?” என்று கேட்டான் பாவாடை. அவன் பேன்ட் முழங்கால் வரை உப்பு காய்ந்து விறைத்திருந்தது.

“பென்சில் தண்ணியில கரையாது. சீட்டுல தேதி எழுதின மை கரைஞ்சாலும் பரவாயில்ல. வாசகசாலையில தனியா ஒரு நோட்டு இருக்கும். போன் போடு.”

வாசகசாலையைப் பார்த்துக்கொள்ளும் சந்தனமேரி, போன் வைத்த ஐந்தாவது நிமிடத்தில் பதிவு நோட்டின் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பிவிட்டாள். ‘பன்னிரண்டு வருஷத்துக்கு அப்புறம் ஒரு ஆளு டிக்‌ஷனரி எடுத்தாரேன்னு சந்தோஷப்பட்டேன்’ என்று கீழே எழுதியிருந்தாள்.

மூன்று மணி. விசாரணை அறை. தட்சணாமூர்த்தியின் வக்கீல் எழுந்து, செல்வி எதிர்பார்த்ததையே சொன்னார். சொல் பழையது. மனுதாரர் துக்கத்தில் இருந்தார். அகராதி ஆராய்ச்சி எல்லாம் சாட்சியம் ஆகாது.

“ஒத்துக்கறேன்,” என்றாள் செல்வி. “அகராதி தீர்ப்பு சொல்லாது. ஜனங்க எப்போ, எங்கே, எப்படிப் பேசினாங்கன்னு எழுதி வைக்கும், அவ்வளவுதான். அதனால நான் ஆளையும் கூட்டிட்டு வந்திருக்கேன்.”

விசாரணை அதிகாரி நனைந்த புத்தகத்தைப் பிரித்துப் புள்ளிகளைப் பார்த்தார். சீட்டில் தேதி கலங்கியிருந்தது, போன் படத்தில் தெளிவாக இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முதலாளியோடு வந்து வெளியே நின்ற மேத்யூவைக் கூப்பிட்டார். மேத்யூ அறைக்குள் வரும்போதே அழுதுகொண்டிருந்தான்.

“மொதலாளிதான் சொன்னாரு சார். கையெழுத்துப் போட்ட வெள்ளைத் தாள் இருக்குது, லெட்டர் மாதிரி அடிச்சுக் குடுன்னாரு. புது வார்த்தை எதுவும் வந்துடக் கூடாது, பழைய புக்குல ஒவ்வொண்ணா பாருன்னாரு. பார்த்தேன் சார். எல்லாம் இருந்துச்சு சார்.”

தட்சணாமூர்த்தி நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். வக்கீல் தன் காகிதங்களை அடுக்கத் தொடங்கினார். கடிதத்தை ஏற்க முடியாது என்று அதிகாரி எழுதினார். போலி ஆவணம் பற்றிக் காவல் துறைக்குத் தனியாக அனுப்பச் சொன்னார். பிறகு அமராவதியின் வாக்குமூலம். அவள் உட்காரவில்லை. நின்றபடியே நாற்பது நிமிடம் பேசினாள். கொளஞ்சி விழுந்த நேரம், கதவில் தொங்கிய பூட்டு, டெம்போவின் நிறம், முதலாளி போட்டிருந்த சட்டை. ஒன்றையும் விடவில்லை. பதினாலு வருடம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததால் எதுவும் தேயாமல் இருந்தது.

பூவிழி அழவில்லை. எழுந்து ஒன்றே ஒன்று கேட்டாள். “என் பழைய ஃபைல் மேல ‘ஆதாரமற்ற மனு’ன்னு எழுதியிருக்குது சார். அதை அடிங்க. நான் பார்க்கணும்.”

அதிகாரி ஒரு கணம் அவளைப் பார்த்தார். பேனாவை எடுத்து அந்த இரண்டு சொற்களின் மேல் கோடு இழுத்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதினார். பூவிழி குனிந்து பார்த்துவிட்டுத் தலையசைத்தாள். 

அடுத்து அஞ்சம்மாளின் வழக்கு. புதுக் கோப்பு. அதிகாரி முதல் பக்கத்தில் பெயர் எழுதினார்.

“அஞ்சம்மாள். கணவர் பேர் என்ன?”

 அமராவதி மேஜையில் கையை ஊன்றினாள். விரல்களுக்கு இடையில் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

“அவன் பேரு எதுக்கு சார்? ரெண்டு புள்ளையோட விட்டுட்டு ஓடினவன், அவ செத்ததுக்குக் கூட வரல. அம்மா பேரு முத்தம்மாள். காலையிலேர்ந்து சோறு திங்காம வெளியே வராண்டாவுல குந்திக்கிட்டு இருக்குது. அந்தப் பேரைப் போடுங்க.”

அதிகாரி கதவுப் பக்கம் பார்த்தார். பிறகு, ‘கணவர்’ என்று அச்சடித்திருந்ததை அடித்துவிட்டு, ‘தாயார்’ என்று எழுதினார்.

“அவங்களை உள்ளே வரச் சொல்லுங்க,” என்றார்.